நடுவர் கண்டிப்பு: எழுபது

செக்காலை ரோட்டில் சிமெண்டுக் கடைக்கு மேலே
சேவுகன் ஆறு டிவி வைத்திருக்கிறான்.
மணிக்கு நாற்பது ரூபாய். கரண்டு போனால் கணக்கும் நிற்கும்.
போன வாரம் இந்த வருடத்து ஆட்டம் வந்து இறங்கியது.
வருடா வருடம் வரும்,
சட்டை மாறும், அட்டையில் முகம் மாறும்.
இந்த முறை "நிஜம் மாதிரியே இருக்குக்கா" என்கிறான்.
எழுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்குகிறார்களாம்.
மழையில் பந்து வழுக்குகிறதாம்.
புல் பெயர்ந்தால்
பெயர்ந்தபடியே கிடக்கிறதாம் கடைசி வரை.

நிஜம் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது சேவுகா.
காலை ஐந்தரைக்கு
மகளிர் அணியின் இடது ஓரத்தில்
செம்மண்ணில் ஓடுகிறேன்.
கோல் கம்பத்துக்குப் பின்னால் கருவேலம்,
பந்து வாங்கிய மாதமே மூன்று ஒட்டு.
கார்னர் கொடிக்குப் பதில் செங்கல்.
காற்று திரும்பினால்
புதுவயல் மில்லில் நெல் அவிக்கும் வாடை
நெஞ்சுக்குள் வந்து உட்காரும்.
எட்டரைக்குக் குளித்துச் சேலை மாற்றி
அடகுக்கடையில் ரசீது எழுதும்போதும்
காலுறை இருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு வளையம்.
மூச்சு வாங்குவதற்கு நாற்பது ரூபாயா?

பழசைப் போடு.
அதில் நடுக்கோட்டிலிருந்து உதைத்தால்
பந்து, வால் நீண்ட பட்டம் மாதிரி
யோசித்து யோசித்து வளையும்.
கோல்கீப்பர் மூட்டைப்பூச்சி தேடுபவன் போலக்
குனிந்தே நிற்பான்.
பொய்தான்.
அந்தப் பொய்யில் நானும் ஹிதாயாவும்
ஒன்பதுக்கு எட்டு என்று முடித்து
சிரித்த சிரிப்பில்
கீழ்க்கடைக்காரர் கம்பெடுத்துக் கூரையை இடித்திருக்கிறார்.

அப்போதுதான் படியேறி வந்தார் தைனிஸ் சார்.
ஞாயிற்றுக்கிழமை, தேவகோட்டைக்கு எதிரே,
எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் போட்ட கோலை
ஒரே விசிலில் அழித்த தைனிஸ் சார்.
கழுத்தில் விசில் இல்லை. கையில் முட்டை பப்ஸ்.
என்னைக் கண்டதும் ஒரு படி இறங்கினார்,
பிறகு ஏறினார்.
"புதுசையே போடுப்பா.
பழசுல நடுவரா இருக்கான்? சும்மா ஒரு சட்டை நிக்கும்."

ஆளுக்கொரு கண்ட்ரோலர்.
திரையில் கோடுகள், கோடுகளில் நகரும் மணிகள்.
சோர்வு ஐம்பது. காயம் நாற்பது.
நடுவர் கண்டிப்பு.
"எழுபது வை" என்றார்,
சொந்தச் சம்பளத்தை ஏற்றிக்கொள்பவர் போல.
நடுவர் தவறு என்று ஒரு மணி தேடினேன்.
இல்லை.
இவ்வளவு நிஜத்திலும்
அதைச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அறுபதாவது நிமிடம் அவர் ஆள் போட்டான்
வலை கிழிகிற மாதிரி ஒன்று.
திரை நின்றது.
நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு,
நடுவே ஒரு பூட்ஸ் நுனி.
ஆஃப்சைடு.

எழுந்தே விட்டார்.
"இதெல்லாம் ஆஃப்சைடா? எந்தக் கண்ணு பாத்துச்சு இதை?"
பப்ஸ் பொருக்கு தரையெல்லாம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
திறக்காமலே மென்றுகொண்டிருந்தேன், நல்ல ருசி.
சேவுகன் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

உட்கார்ந்தார்.
அவர் ஆள் பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.
நான் போய்ப் பறிக்கவில்லை.
"அன்னைக்குப் புழுதி," என்றார் திரையிடம்.
"லைன்ஸ்மேன் டீக்குப் போயிட்டான்.
நீ ஓடி வந்ததைப் பார்க்கலைம்மா,
வந்து நின்னதைத்தான் பார்த்தேன்.
முன்னாடியே நின்னிருக்கணும்னு நெனச்சுட்டேன்.
அத்தனை தூரத்தை அதுக்குள்ள ஒருத்தி…
நிஜமாத் தோணலை."

நிஜமாய்த் தோன்றவில்லை.
ஐந்தரை மணிகள், முள், செங்கல், நெல் வாடை
எல்லாம் சேர்ந்து செய்த ஒரு ஓட்டம்,
பட்டம் போல வளைந்த அந்தப் பழைய பந்தின் பக்கத்தில்
போய் நின்றுகொண்டது.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வெட்கமில்லாத ஒரு சந்தோஷம் வந்தது.

ஆட்டத்தை நிறுத்தி
என் இடது ஓரத்துக்காரனின் வேகத்தைத் தேடி
நூறு வரை தள்ளினேன்.
"அக்கா, அது நிஜமா இருக்காது" என்றான் சேவுகன்.
தைனிஸ் சார் ஒன்றும் சொல்லவில்லை.
தலையை மட்டும் சொறிந்தார்.

இரண்டுக்கு ஒன்று, தோற்றேன்.
நூறில் ஓடியவன் எழுபத்தோராவது நிமிடமே
இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.
இரண்டு மணிநேரக் காசில்
சார் தன் பங்கை இன்னும் தரவில்லை.