பிணைச்சல்

மாத முடிவுக்குள் முன்மொழிவு.
தலைப்பு எழுதியாயிற்று:
'வெள்ள எச்சரிக்கைக்குப் பின்னும்
மக்கள் ஏன் வெளியேறுவதில்லை?'
நாற்பத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவு.

சும்மா ஒருக்கால் பார்த்து வருவமென்று
140 பஸ்ஸில் வெல்லம்பிட்டி.
களனி அன்று நல்ல பிள்ளையாய்ப்
பாலத்தின் கீழ் படுத்திருந்தது.

முதல் கேள்விக்கே ஜெஸ்மினா ராத்தா சிரித்துவிட்டார்.
"யார் சென்ன, போறல்லண்டு?
கதவக் கழட்டி எடுத்துக்கிட்டுத்தான் போற."

கதவையா?

போன தடவை தோணியில் வந்து
யாரோ கொண்டுபோனது அதைத்தானாம்.
நிலையில் ஆணித்துளைகள்,
சவர்க்காரம் அடைத்து;
திருகாணி லேசாய்க் கழன்றுவர வேணுமாம்.

எனது ஐந்து தெரிவுகளில்
கதவு இல்லை.

மூன்று கிழமை, பதினொரு வீடு.
கேள்வித்தாளின் பின்பக்கத்தில் மட்டும் எழுதினேன்.
ஒரு வீட்டில் தையல் மெஷின்.
இன்னொன்றில், எழும்ப ஏலாத மாமனார்:
தூக்க நாலு பேர் வேண்டும்,
வேலைநாளில் ஆர் இருக்கினம்?

"கருதுகோள் எங்கே?" என்றார் மேற்பார்வையாளர்.
இன்னும் இல்லை என்றேன்.
'வெளியேறுவதில்லை' வெட்டுப்பட்டிருந்தது.
மேலே பென்சிலில்:
யார், எதைச் சுமந்து, எவர் கையால்?

"இது தலைப்பா?"

வெளியே மழை பிடித்திருந்தது.
அவரது அறையைச் சாத்தும்போது
பிணைச்சலைப் பார்த்தேன்.
எல்லா ஆணியும் துருப்பிடித்து,
அசையாமல்.