கன்னம்

ஜூலைக் குளிர். கூரிச்சிபாவில்
கண்ணாடியெல்லாம் ஆவி பூத்திருக்கிறது.
ஜுஸாரா வோஸ்னியாக் மேல்கோட்டைக் கழற்றவில்லை.
கழுத்துத்துணியை மட்டும் இறக்கிக் காட்டினாள்:
இடக்கன்னம்,
உள்ளே ஒரு பின்யாவுன் கொட்டையை
அடக்கிக்கொண்டதுபோல்.

பத்திர அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள்,
தேதி பிசகாது அவளுக்கு.
போன வருஷம், மே ஒன்பது,
மகள் கல்யாணத்துக்காகப் பக்கத்துக்கு ஓர் ஊசி.
"போட்டோவில் நன்றாகத்தான் இருந்தேன், டாக்டர்.
பதினான்கு மாதம் சும்மா இருந்துவிட்டு
இப்போது எதற்கு?"

சுவரில் கன்னம் வைத்தவன்
விடிவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.
கன்னத்தில் கன்னம் வைத்தவன்
உள்ளேயே படுத்துவிட்டான்.
யாரவன்?

ஊசியோடு அன்றே நுழைந்த கிருமியா,
கூழைச் சுற்றி வழுவழுவென்று படலம் நெய்து
விளக்கேற்றாமல் குடித்தனம் நடத்தினதா?
அல்லது கூழேதானா?
கட்டிவைத்த இழைகள் அறுந்து அறுந்து மிதக்க,
முழுசாய் இருந்தவரை உறவென்று விட்ட உடம்பு
துண்டுகளைக் கண்டதும்
நீ யார் என்றதா?

ஜூனில் காய்ச்சல் உண்டா என்றேன்.
உண்டு. மூன்று நாள்.
பல்?
சிரித்தாள், வீங்காத பக்கத்தால் மட்டும்.
சாவுன் ஜுவாவுன் நெருப்பைச் சுற்றி நின்று
ஓட்டோடு கடித்ததில் கடைவாய்ப்பல் பிளந்து
வேர்ச்சிகிச்சை, இரண்டு தவணை.
எந்தப் பக்கம்?
வலம்.
எழுதினேன், அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

ஜெல் சில்லென்று இருக்கிறது என்றாள்.
எலும்பின்மேல் கருவியை ஓட்டினேன்.
திரையில் கறுத்த சிறு குளங்கள்,
அவள் சொன்ன இடத்தில், சொன்ன அளவில்.
அவற்றுக்கும் கீழே
சொல்லாதது:
வால் முளைத்த வெண்புள்ளிகள் ஒரு பிடி.
எந்த மருந்துக்கும் கரையாத மணிகள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"நெய்டி," என்றாள்.
முடிதிருத்தகத்தின் பின்னறை. சீட்டு ஒட்டாத குப்பி.
விவாகரத்துக் கையெழுத்தான வருஷம், இரண்டாயிரத்து ஏழு.
மாதம்? தேதி?
தெரியவில்லை என்றாள்,
அந்தச் சொல் அவளுக்கே புதிதாய் இருந்தது.
"அது எப்போதோ போயிருக்கும் என்றிருந்தேன்."

இவன்தான் என்று எழுதிவிடலாம்.
ஆனால் வலக்கன்னத்திலும் ஓட்டிப் பார்த்தேனே.
அதே குளங்கள். அதே மணிகள்.
அங்கே ஒரு சத்தமில்லை.

பதினெட்டு வருஷம் தூங்கினவர்களை
எழுப்பியது காய்ச்சலா, பல்லா,
மேல்தளத்தில் புதிதாய்க் குடிவந்த கூழா?
காரணம் என்ற கட்டத்தில்
பென்சிலால் நான்கு சொல்,
நான்குக்கும் பக்கத்தில் கேள்விக்குறி.
இரண்டு வார மாத்திரை. பிறகு வாருங்கள்.

கதவிடுக்கில் பார்த்தேன்:
லிஃப்டுக்குக் காத்து நிற்கிறாள்,
கையுறையைக் கழற்றி
வலக்கன்னத்தைத் தொட்டுத் தொட்டு.