காற்றுக்குப் பற்றுச்சீட்டு

கன்வேயர் பட்டையில் பழுப்பு நிலக்கரி போய்க்கொண்டேயிருக்கும்.
இரண்டு மணிக்கொருமுறை
ஒரு மண்வாரி அள்ளுவான் இருசப்பன்.
பையின் வாயை இறுக்கிக் கட்டு என்பேன்.
தளர்ந்தால் ஈரம் நழுவும்,
ஈரம் நழுவினால் என் கணக்கும் நழுவும்.
"கட்டிட்டேன் மேடம்" என்பான்.
கட்டியிருக்க மாட்டான்.

கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டி, நாலாய்க் கீறி
எதிரெதிர் இரண்டு கூறை வைத்துக்கொண்டு
மற்ற இரண்டைத் தள்ளிவிடுவோம்.
மறுபடி குவிப்போம். மறுபடி கீறுவோம்.
நெய்வேலியில் ஒரு ராத்திரி முழுக்க எரிந்தது
ஒரு சிமிழ் பொடியாகி என் மேசைக்கு வரும்.

நூற்றைந்து டிகிரி அடுப்பில் வைத்தால்
பீங்கான் கிண்ணத்தில் பாதி காணாமல் போகும்.
மண்ணுக்கடியில் கிடந்த காலமெல்லாம்
அது குடித்துவைத்திருந்த தண்ணீர்.
மிச்சத்தில் கரி எவ்வளவென்று எந்திரம் சொல்லும்.
சாம்பலுக்குள் எரியாமல் பதுங்கியதைக் கழித்தேன்.
நூறு கிலோவுக்கு இருபத்தேழு புள்ளி ஒன்பது.
நாற்பத்து நாலால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தேன்:
கரியமில வாயு, நூற்றிரண்டு புள்ளி மூன்று.
கீழே என் பெயர். கோ. அஞ்சலாட்சி, வேதியியலர்.

மூன்றாம் நாள் பதிவேடு திரும்பி வந்தது,
எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டத்தோடு.
"போட்டது நூறு. வந்தது நூற்றிரண்டு.
தண்ணீரும் சாம்பலும் வேறு தனியே.
தவறு எங்கே? சரிபார்த்து அனுப்புக.
— தெய்வநாயகம், கணக்குப் பிரிவு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
முப்பது வருடம்
வரவையும் செலவையும் ஒரே கோட்டில் நிறுத்தியவர்.
நூறு போட்டால் நூறோ குறைவோ வருவதுதான்
அவர் பார்த்த உலகம்.
முதல் தடவை நானும்
கால்குலேட்டரைக் கவிழ்த்துத் தட்டியவள்தான்.

எழுதினேன்:
தவறு இல்லை ஐயா.
கரி தனியாகப் புகைக்கூண்டு ஏறுவதில்லை.
கைக்கு ஒன்றாக இரண்டு ஆக்சிஜனைப்
பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது.
அந்த எழுபத்து நாலு புள்ளி நாலு கிலோவில்
பெரும்பங்கு நம் பட்டையில் வந்ததல்ல.
உலையின் வாயில் நின்ற காற்றிடமிருந்து,
எடைமேடை ஏறாமல் எடுத்தது.

அன்று மாலையே பதில்:
"விளக்கம் ஏற்கப்பட்டது.
காற்று யாரிடமிருந்து பெறப்பட்டது?
பற்றுச்சீட்டு இணைக்கவும்."

விழுந்து விழுந்து சிரித்தேன். இருசப்பனிடம் காட்டினேன்.
"நம்மகிட்டேர்ந்துதான் மேடம்" என்றான்,
பையைக் கட்டாமல்.
அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆறு மணிக்கு வண்டியை எடுத்தேன்.
மந்தாரக்குப்பம் திரும்பும் வரை
பின்னாடிக் கண்ணாடியில் கூண்டுகள்.
வெள்ளையாகத் தெரிவதைப் புகை என்பார்கள்.
அது பெரும்பாலும் அந்தப் பழைய தண்ணீர்.
நான் எண்ணுவது
எவர் கண்ணிலும் படாமல் போகிறது.

தெருவில் கரண்ட் இல்லை.
"அனல்மின் நிலையத்துக்காரி வீட்டுக்கே இந்தக் கதியா"
எதிர்வீட்டு ஜைத்தூன் பீவி முறத்தால் விசிறிக்கொண்டே கேட்டாள்.
ஏழே காலுக்கு வந்தது.
மின்விசிறி முனகித் தொடங்க,
வாசல் மீட்டரில் சிவப்புப் பொட்டு சிமிட்டத் தொடங்கியது.
மூன்றாயிரத்து இருநூறு சிமிட்டல் ஒரு யூனிட்,
யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல்...
வேண்டாம் என்றாலும் மனசு பெருக்கியது.
செருப்பைக் கழற்றாமல்
அறுபது வரை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் படிவம் எடுத்தேன்.
பார்வை: தங்கள் சிவப்பு மைக் குறிப்பு.
பெறப்பட்டது: எழுபத்து நாலு புள்ளி நாலு கிலோ,
ஒவ்வொரு நூறுக்கும்.
திருப்பித் தரும் நாள்: குறிப்பிடப்படவில்லை.
தந்தவர்:

அங்கே பேனா நின்றது.
இருசப்பன் பெயரை எழுதலாமா என்று பார்த்தேன்.
ஜைத்தூன் பீவி. அவள் முறம்.
தெய்வநாயகம் ஐயாவே கூட.
இடம் ஒரு விரற்கடைதான் விட்டிருந்தார்கள்.

காலியாக விட்டு, அடியில் எழுதினேன்:
இணைப்பு: இல்லை.