பக்கம் பதினேழு, மூன்றாம் வரி

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில்
எனக்கொரு மேசை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி,
ஒருவர் பேசியதை இன்னொருவர் மொழியில்
எழுதிக் கொடுக்கும் வேலை.

இன்று வந்தது சிப்காட் தீ விபத்து.
நாற்பத்திரண்டு பக்க ஆய்வறிக்கை, இணைப்புகள் தனி.
ஆங்கிலத்தில் எழுதிய பொறியாளர்
வேறு சொல் தேடி அலைகிறவர் இல்லை போலும்.
பதினேழாம் பக்கத்தை உரக்கப் படித்தேன்:
சார்ஜ் பண்ணும்போது சார்ஜ் சேர்ந்தது,
இன்சார்ஜின் செல்லில் சார்ஜ் இல்லை,
ஆகவே ஆபரேட்டர்மேல் சார்ஜ்.

பக்கத்து மேசை கோமளவல்லி
டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சிரித்தாள்.
நானும்தான்.
பிறகு பேனாவைத் திறந்தேன்.

ரியாக்டருக்குள் டோலுயீனை இறக்குவது முதல் சார்ஜ்.
'நிரப்புதல்' என்றால் குடம் ஞாபகம் வருகிறது. அடித்தேன்.
'ஏற்றுதல்' லாரிக்கு. அடித்தேன்.
'இடுதல்'?
உலையில் அரிசி இடுகிறோமே,
ரியாக்டரும் தமிழில் உலைதான்.
இருக்கட்டும்.

இரண்டாவது,
குழாயில் விரையும் திரவம்
சுவரை உரசி உரசிச் சேர்த்துக்கொள்வது.
கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது.
ஒரு செம்புக் கம்பியைத் தரையோடு கட்டியிருந்தால்
மண் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கும்.
கட்டவில்லை. கிளிப் உடைந்து மூன்று மாதமாம்.
அது இணைப்பு நான்கில், சின்ன எழுத்தில்.
மின்னூட்டம் என்கிறது பள்ளிப் புத்தகம்.
யார் ஊட்டியது?
சோறா அது?

இன்சார்ஜ் ஜெயசீலன்: பொறுப்பாளர்.
பொறுப்பு என்ற சொல்லுக்குள்
பொறுத்துக்கொள்வதும் இருக்கிறது.
பொறுத்துக்கொண்டவன் ஹெல்பர் தணிகாசலம்,
காரைக்காடு, வயது பத்தொன்பது,
முகம், இரண்டு கை, மார்பின் இடதுபாகம்.

கடைசி சார்ஜுக்கு மட்டும் நான் தடுமாறவில்லை.
சட்டத் தமிழில் குற்றச்சாட்டை 'வனைய' வேண்டும்,
பானையைப் போல.
மண் பிசைந்து, சக்கரம் சுழற்றி,
நடுவில் ஓர் ஆளை வைத்தால் போதும்.
ஆள் சோனங்குப்பம் அஞ்சாப்புலி.
வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக
கம்பெனிதான் பத்திரம் என்று வந்தவர்.

அவருடைய வாக்குமூலம் தமிழில் இருக்கிறது:
'நான் சார்ஜ்தான் பண்ணேன் சார்,
சார்ஜ் அடிச்சிருச்சு.'
அவருக்கு என் சிக்கல் எதுவும் இல்லை.

முப்பத்தோராம் பக்கத்தில் டிஸ்சார்ஜ்.
ஆஸ்பத்திரி என்று நினைத்து எழுதிவிட்டேன்,
அது தீப்பொறி. வெள்ளை மை தடவினேன்.
தணிகாசலம் ஜிப்மரிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனது
நாற்பத்தோராம் நாள்.
அஞ்சாப்புலியின் வக்கீல் கேட்பதும் டிஸ்சார்ஜ்தான்,
விடுவிப்பு மனு, அடுத்த வாய்தா இருபதாம் தேதி.
ஆலையின் பின்புறக் குழாய்
ராத்திரியில் உப்பனாற்றுக்குச் செய்வதும் அதே சொல்.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி
இதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை.

ஐந்தரைக்கு வெளியே வந்தேன்.
வேப்பமரத்தடியில் அஞ்சாப்புலியின் மனைவி,
கையில் மஞ்சள் பை, உள்ளே பழைய சம்பளச் சீட்டுகள்.
'நகல் எடுக்க எவ்ளோங்க சார்ஜ்?'

ஒரு கணம்,
வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல,
அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினேன்.

பக்கத்துக்கு இவ்வளவு என்றேன்.
'மொத்தம் எத்தினி பக்கம்?'
சொன்னேன்.
விரல்களில் எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டு,
'அவரு பேரு இருக்கிற பக்கம் மட்டும் போதுங்க.'

அவர் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

நான் சொல்லக்கூடாது.
'இணைப்பு நாலையும் கேட்டு வாங்குங்க' என்றேன்,
செல்லில் சார்ஜ் இருக்கிறதா
என்று பார்ப்பவளைப் போலத்
தலையைக் குனிந்துகொண்டு.