குளம்படி

தோலகாவில் வெயில் ஒன்பது மணிக்குத்தான்
மலையேறி வரும்.
அதற்குள் சுன்கேசரி
நாற்பது சட்டங்களில் கூழ் வார்த்து
வரிசையாகச் சாய்த்திருப்பாள்.
லோக்தா மரப்பட்டை, சாம்பல் நீர்,
அவள் முழங்கை வரை குளிர்.

இடமில்லாமல் தரையில் கிடத்திய ஒரு சட்டத்தை
காலே, அந்தக் கறுப்புக் கிடா,
நிதானமாகக் கடந்து போனது.
கிழியவில்லை.
குளம்பு விழுந்த இடத்தில் மட்டும்
தாள் மெலிந்துவிட்டது.
ஆட்டைத் திட்டினாள், ஆட்டுக்காரனையும்.
தாளைத் தூக்கி எறியவில்லை.
தாளுக்கு இவ்வளவு என்றுதானே கூலி.

நோட்டுகளைக் கட்டி, கணக்கெழுதி
அனுப்புகிறவன் நான்.
தசைன் முடிந்த வாரம்
உத்ரெக்ட்டிலிருந்து கடிதம்:
‘பதினேழாம் பக்கத்தை ஜன்னலில் பிடித்தால்
இரண்டு இதழாய் ஒரு வெளிச்சம்.
யார் வடிவமைத்தது?
இதேபோல் முந்நூறு வேண்டும்.
விலையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.’

காலே அதற்குள்
ஒன்பது வீடுகளுக்குப் பங்காகியிருந்தது.
மூங்கில் ஈர்க்கால் சால இலை தைத்து
தட்டும் தொன்னையும் செய்தவளும் சுன்கேசரிதான்.
குழம்பு ஒழுகாத தையல்.
உண்டு எறிந்த தட்டுகளை
மிச்ச ஆடுகள் தின்றன;
கழுவ எதுவும் இல்லை.

‘வடிவமைத்தவர் தற்போது பணியில் இல்லை’
என்று பதில் எழுதி
அவளிடம் படித்துக் காட்டினேன்.
சிரிக்கவில்லை.
முந்நூறுக்கு எவ்வளவு வரும் என்றாள்.

இன்று காலை
ஒரு சட்டம் மறுபடி தரையில்.
அதற்கு அந்தப் பக்கம்
ஒரு கை கல்லுப்பு.