இன்னும் நாலு எட்டு பின்னால்

வெள்ளை உப்புவெளி.
மரமில்லை, கம்பமில்லை,
எது கிட்ட எது எட்ட என்று காட்டிக்கொடுக்க
ஒரு நாய்கூட இல்லை.
அந்த இல்லாமையில்தான் என் பிழைப்பு.

டாஷ்போர்டிலிருந்து டைனோசரை எடுக்கிறேன்.
பச்சைப் பிளாஸ்டிக், கட்டைவிரல் உயரம்.
வால்நுனியில்
பல் முளைத்த நாட்களில் நய்ரா கடித்த தடம்.
கேமராவுக்கு ஒரு சாண் முன்னால் அதை நிறுத்திவிட்டுக்
குப்புறப் படுக்கிறேன்.
உப்பு முழங்கையைத் தின்கிறது.

"இன்னும் நாலு எட்டு பின்னால்!"
ஏழு மொழிகளில் எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம்.
போகப் போக
ஆறடி ஆள் அதன் காலடியில் அலறும் எறும்பு.
எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்,
அது கூலியோடு சேர்ந்தது.

இன்று வரவில்லை.
விடியற்காலையில் மச்சான் காசிமிரோ
ஜாக்கியைத் திருப்பித் தந்தான்,
கைப்பிடி வளைந்து.
"முன்னாடியே அப்படித்தான் இருந்தது" என்றான்.
கொல்சானியிலிருந்து கள்ளித் தீவு வரைக்கும்
அந்த ஒற்றை வரியோடு வாதாடிக்கொண்டே ஓட்டினேன்.
மூன்று முறை ஜெயித்தேன்.
பின்சீட்டு அம்மாள் தோளைத் தொட்டு,
"அந்த மலைக்கு என்ன பேர்?" என்றாள்.
"எந்த மலை?" என்றேன்.

துனுபா.
செத்த எரிமலை. வடக்கே பாதி வானத்தை அடைத்துக்கொண்டு
வண்டிக்கு நேர் முன்னால் நின்றிருக்கிறது
ஒரு மணி நேரமாக.

இப்போது ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறேன்.
டைனோசரின் தொடைக்குப் பின்னால்
துனுபா மொத்தமும் காணோம்.
தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
இருக்கிறது.

போன பிப்ரவரி மழையில்
என் வண்டி அச்சுவரை புதைந்த ராத்திரி
மூன்று மணிக்கு வந்தவன் காசிமிரோ.
இதே ஜாக்கியை வைத்து
இரண்டு பேரும் ஏறி மிதித்தோம்.
அன்றைக்கு வளைந்திருக்கலாம்.
வளையாமலும் இருந்திருக்கலாம்.
கைப்பிடிக்கு ஆகும் காசைக் கேட்கத்தான் போகிறேன்;
பாதியாவது.

எல்லாவற்றுக்கும் பின்னால் போக முடியாது.
நேற்றிரவு நய்ராவுக்கு இருமல்.
அதை எட்ட நின்று பார்த்தால் சாதாரண இருமல்,
இந்த உயரத்தில், இந்தக் குளிரில், யாருக்கும் வருவது.
நான் எட்ட நிற்கவில்லை.
நெற்றியில் உதடு படுகிற தூரத்தில் இருந்தேன்
விடியும்வரை.

"எடுத்தாச்சா?" என்று கத்துகிறான் எறும்பு.
"இன்னும் இல்லை."
பின்னால் போகச் சொல்ல வாயெடுத்து,
நானே முழங்காலில் ஊர்ந்து
கொஞ்சம் பின்வாங்கினேன்.

திரும்பும் வழியில்
சட்டைப்பையில் கிடந்து குத்திக்கொண்டே வந்தது
அந்த வால்.