சகரத்தின் முள்

ஜாலான் பாசாரில் ஒரு மூன்றாம் மாடி.
ஹோ கியோங்கின் கடையில்
கேப்சூல்கள் ஒரு டப்பாவில், பலகைகள் ஒரு டப்பாவில்.
"எதையும் எதிலும் போடலாம். போலே, போலே"
கால்குலேட்டரைத் தட்டியபடியே சொன்னான்.
பொய்யில்லை.
எல்லாக் கேப்சூலுக்கும் ஒரே வட்டம், முப்பத்திநாலு மில்லிமீட்டர்.
எந்தப் பலகையிலும் ஒட்டும்.
ஒட்டினேன். பேசியது.

பேசியதுதான் தொல்லை.

யோகவல்லி, பிரிக்பீல்ட்ஸில்
கண் தெரியாத பிள்ளைகளுக்கு
அறிவியல் பாடத்தை வாசித்துப் பதிகிறவள்.
மூன்றாம் நாள் அழைத்தாள்:
"சூரியன்னு சொன்னா ஊசி குத்துது.
சுவாசம்னா ரெண்டு ஊசி.
ஒரு பையன் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு
காதைத் தொடச்சிக்கிட்டான்."

இரவு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.
அந்தத் தங்கப்பூச்சுத் தோல்
பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்
தோளைத் தூக்கிக்கொள்ளும் ரகம்.
பிறவிக் குணம், குற்றமில்லை.
தூக்கிய தோளை மெல்ல அமுக்குகிற பலகையை
அதற்குக் கட்டியிருக்க வேண்டும்.
நான் கட்டியதோ
கேட்டதைக் கேட்டபடியே ஒப்பிக்கிற நேர்மைக்காரன்.

எனக்கும் கலைமொழிக்கும்
பத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தது.
இல்லாத ஒன்று எதுவென்று
ஜோசியரும் சொல்லவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை.
அது கிடக்கட்டும்.

அமுக்குகிற பலகை ஒன்று என்னிடம் இருந்தது.
அதையும், தோளே தூக்காத ஒரு சாதுக் கேப்சூலையும் சேர்த்து
செந்தூல் உருமிக்காரர் தியாகுவுக்கு
நானே விற்றிருந்தேன்.
தலையணைக்கு அடியில் பேசுகிற மாதிரி இருக்குமே,
மாற்றித் தருகிறேன் என்று போய் நின்றேன்.
"தொடாதீங்கண்ணே.
உருமி இதுல இருட்டா கேக்குது.
அந்த இருட்டுதான் வேணும்."

வெறுங்கையோடு திரும்பி
பழைய பலகையையே திறந்தேன்.
ஃபெட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே
அரிசிமணி அளவில் ஒரு மின்தேக்கி.
ஒரு நானோ வைத்தால் ஊசி அப்படியே.
பத்து வைத்தால் ஊமை.
மூன்று புள்ளி மூன்றில் நிறுத்தினேன்.
கேஎல் ஈரத்தில்
விரல் பட்ட இடமெல்லாம் நடுராத்திரி பொரிந்து வெடிக்கும்;
ஸ்பிரிட்டில் கழுவி
ஹேர் டிரையரில் காயவைத்து
மூச்சு விடாமல் மூடினேன்.

சனிக்கிழமை.
மோனோரயில் கடக்கும்வரை காத்திருந்தோம்.
பாடப் புத்தகத்தை அவள் எடுக்கவில்லை.
கைப்பையிலிருந்த மளிகைச் சீட்டை வாசித்தாள்:
சீரகம். சோம்பு. சுக்கு அம்பது கிராம்.
சோயா சாஸ் ஒரு போத்தல்.

காது துடைத்த அந்தப் பையன், ஹரேஷ்,
ஹெட்ஃபோனோடு தலையைச் சாய்த்திருந்தான்.
"அக்கா, சாஸ் மட்டும் மறுபடி."
"சாஸ்."
"மறுபடி."
"சாஸ்."
ஏழு தடவை.
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
"முன்னெல்லாம் குத்துச்சு," என்றான்,
"இப்பதான் ஊத்துது."

மைக்கை அணைக்க மறந்து
யோகவல்லி என் பக்கம் திரும்பிச் சொன்ன
ஒரு "சரி"
கணினியில் தங்கிவிட்டது.
முள்ளில்லாத சின்னக் குன்று,
அரை விநாடிகூட இல்லை.
கோப்புக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
அழிக்கவும் இல்லை.